அத்தைக்கு சோடியம் குறைந்து ஆஸ்பத்திரி: என்ன சமைக்க, என்ன வாசிக்க?

கரையோரவீடு (பாளையங்கோட்டை) | செவ்வாய், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். இதைச் சமையல் பகுதியில் போடுவதா, புத்தகப் பகுதியில் போடுவதா என்று தெரியாமல் பொதுவில் போடுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

அத்தைக்கு (என் மாமியார்) வயது 74. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். காலையில் பேப்பர் வந்ததும் சிவப்புப் பேனாவோடுதான் உட்காருவார்கள். ஒற்று விட்டது, ரகர றகரம் மாறியது எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டு, ஓரத்தில் சரியான வடிவத்தை எழுதி வைப்பார்கள். யாருக்காக என்று கேட்டால் பதில் வராது. போன சனிக்கிழமை பழைய பேப்பரைக் கட்டும்போது பார்த்தேன், நான்கு நாள் பேப்பரில் ஒரு வட்டம்கூட இல்லை. பேப்பர்காரர்கள் திருந்திவிட்டார்கள் போல என்று சிரித்துக்கொண்டே கட்டி வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, "அம்மா, ஆச்சி மூணு நாளா ஒரே பக்கத்தையே வாசிக்காங்க" என்றாள். இருவரும் தினமும் ராத்திரி உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' ஓர் அத்தியாயம் வாசிப்பது வழக்கம். ஆச்சி சத்தமாக வாசிக்க, இவள் கால்மாட்டில் படுத்துக்கொண்டு கேட்பாள். அசதியாக இருக்கும், விடு என்றேன். திங்கட்கிழமை காலை இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "முதல் பெல் அடிச்சிட்டா?" என்று என்னைக் கேட்டார்கள். ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆகிறது. எழுந்து இரண்டு எட்டு வைத்தார்கள், அப்படியே சரிந்துவிட்டார்கள்.

108 வந்தது. பக்கவாதம் என்றுதான் நினைத்தோம். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 116. 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டுமாம்.

காரணம் கேட்டால் வரிசையாக வருகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள், புதியதில் நீரைப் பிரிக்கிற மருந்தும் சேர்ந்திருக்கிறது. தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தால் நல்லது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். போன வாரம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இதற்கு மேல் நான் வேறு, ஒரு வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்து, ஊறுகாய் பரணியை ஏற முடியாத அலமாரியில் தூக்கி வைத்துவிட்டேன்.

ஐ.சி.யு.வில் சொட்டுச் சொட்டாக ஏதோ ஏறுகிறது. வார்டுக்கு வந்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் திரவம்தான் என்கிறார்கள். நம் வீட்டுச் சமையலில் திரவம் இல்லாதது எது? இன்று அத்தை தெளிவாகச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "சொதி". தேங்காய் பால் குழம்பெல்லாம் கொடுக்கலாமா? அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்து என்ன வாசித்துக் காட்டலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி | புதன், காலை 5.15

செவிலியராகப் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். முதலில் ஒன்று: "ஏன் இவ்வளவு மெதுவாக ஏற்றுகிறீர்கள்" என்று அங்கே சண்டை போட்டுவிடாதீர்கள். வாரக்கணக்கில் குறைந்த சோடியத்தை ஒரே நாளில் மேலே கொண்டுவரக் கூடாது. 24 மணி நேரத்துக்கு 8, மிஞ்சிப் போனால் 10 புள்ளி. அதற்கு மேல் வேகமாக ஏறினால் மூளைத் தண்டில் நரம்பு உறைகள் சிதைந்து, பேச்சும் விழுங்குவதும் போய்விடக்கூடிய ஆபத்து உண்டு. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பதும் அதற்காகத்தான். பில் ஏற்றுவதற்காக எடுக்கிறார்கள் என்று வார்டில் ஒரு குரல் எப்போதும் கேட்கும், காதில் வாங்காதீர்கள்.

வயதான பெண்களுக்கு இந்த நீர் மாத்திரையால் சோடியம் விழுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில்தான் வரும். தயாசைடு வகை என்பார்கள்: ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இன்டாபமைடு. பழைய சீட்டு, புது மாத்திரை அட்டை இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம்.

அத்தையின் கண்ணாடி எங்கே இருக்கிறது?

அண்டாகுண்டா (திண்டுக்கல்) | புதன், காலை 7.02

உப்பு குறைந்தால் உப்புப் போட்டால் சரியாகிவிடும், இதில் என்ன குழப்பம்? நார்த்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு. எங்கள் பெரியப்பாவுக்கு நாக்கில் கல்உப்பை வைத்தே ஒரே வாரத்தில் எழுப்பி உட்கார வைத்தோம்.

இரவுப்பணி | புதன், காலை 7.20

தயவுசெய்து இதை யாரும் கடைப்பிடிக்காதீர்கள். சோடியம் குறைவு என்று ரிப்போர்ட்டில் வந்தால் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று அர்த்தம் இல்லை. பல நேரம் உடம்பில் தண்ணீர் கூடி, இருக்கிற சோடியம் நீர்த்துப் போயிருக்கும். சாம்பாரில் ஒரு சொம்பு தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியது போல. இதயம் பலவீனமானவர்கள், கல்லீரல், சிறுநீரக நோயாளிகளுக்கும் சோடியம் குறைவாக வரும். அவர்களுக்குக் கருவாடு கொடுத்தால் கால் வீங்கி மூச்சு வாங்கும். காரணம் ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் பெரியப்பா எழுந்து உட்கார்ந்தது சந்தோஷம், ஆனால் அது கல்உப்பால் என்பதற்கு என்ன ஆதாரம்?

அண்டாகுண்டா | புதன், காலை 7.31

ஆதாரம் பெரியப்பாதான். சரி, கருவாட்டை வாபஸ் வாங்குகிறேன்.

அளவுபாட்டில் (ஈரோடு) | புதன், காலை 9.45

அப்பாவுக்கு இதய வீக்கம், இரண்டு வருஷமாக ஒன்றேகால் லிட்டர் கணக்கு. வீட்டில் யாருக்கும் மனக்கணக்கு வராது, அதனால் ஒரு பாட்டில் முறை வைத்திருக்கிறோம். காலையில் ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். காபி 100 மில்லி கொடுத்தால் அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து 100 மில்லி எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ரசம் ஊற்றினால் அந்தக் கரண்டியாலேயே எடுத்து ஊற்றுங்கள். மாத்திரைக்குத் தண்ணீர் பாட்டிலிலிருந்தே. பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. இதில் ஒரு சவுகரியம், நாம் மறுக்கிற மாதிரி இருக்காது, பாட்டில்தான் மறுக்கும். அப்பா என்னோடு போட்ட சண்டையெல்லாம் பாட்டிலோடு போட ஆரம்பித்தார்.

சமையல்: இட்லிக்குச் சாம்பார் வேண்டாம், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். சாதத்துக்குப் பருப்புத் துவையல், கெட்டிக் கூட்டு, உசிலி. தயிர்சாதத்தைப் பால் விட்டுத் தளர்த்தாமல் பிசையுங்கள். கஞ்சி, பாயசம், தர்பூசணி, வெள்ளரி எல்லாம் கணக்கில் சேரும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாகத்துக்கு வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு சின்ன ஐஸ் துண்டு வாயில் போடலாம் (அதுவும் கணக்குதான்). எங்கள் டாக்டர் சொன்னது இது, உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பைண்டுபுத்தகம் (மதுரை) | புதன், மதியம் 1.10

வாசிப்புக்கு நான் வருகிறேன். புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் புதுக் கதாபாத்திரங்களின் பெயரை ஞாபகம் வைப்பது நமக்கே முடியாது. என் மனைவிக்கு ஸ்டென்ட் வைத்த நான்கு நாளும் நான் வெளியே பெஞ்சில் கையில் வைத்திருந்தது ஒரு ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பு. ஒரே பேராவை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. கடைசியில் மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிற அந்தப் பொடி எழுத்துக் காகிதத்தை முழுசாக வாசித்து முடித்தேன். வாழ்க்கைத் தத்துவப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் உறவினர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

'என் சரித்திரம்' விட்ட இடத்திலிருந்தே போகட்டும். அதற்கென்றே செய்த மாதிரியான புத்தகம். 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அதனால் அத்தியாயங்கள் ஒரு தடவை உட்கார்ந்து வாசிக்கிற அளவுதான். அடுத்த டோஸ் மருந்துக்குள் ஒன்று முடிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. உ.வே.சா.வுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கடைசி நாட்கள் நடுவில் வருகின்றன. உங்கள் மகளுக்கு அந்த இடத்தை முதலிலேயே சொல்லி வைக்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கனமான புத்தகத்தை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

தூரத்துப்பிள்ளை (சிங்கப்பூர்) | புதன், மாலை 6.50

நானும் ஒரு வார்த்தை. அம்மா தஞ்சாவூரில் தனியாக. போன வருஷம் டெங்கு வந்து தட்டணு குறைந்தபோது என்னால் உடனே கிளம்ப முடியவில்லை. போனில் "சாப்பிட்டீர்களா, எவ்வளவு இருக்கிறது" என்ற இரண்டு கேள்விக்கு மேல் பேச்சு ஓடவில்லை. ஒரு நாள் சும்மா ஒரு சிறுகதையைப் போனில் வாசித்தேன். நடுவில் அம்மா தூங்கிவிட்டார்கள், பக்கத்துக் கட்டில் அம்மாள் போனை எடுத்து, "நிப்பாட்டாதீங்க தம்பி, அந்தப் பொண்ணு ஊருக்குப் போனாளா இல்லையா?" என்றார். முடிக்க வேண்டியதாகிவிட்டது.

கரையோரவீடு | புதன், இரவு 10.25

இரவுப்பணி அக்கா, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கைப்பையைத் திறந்து பார்த்தேன். ஐ.சி.யு.வில் வளையல், தோடு எல்லாம் கழற்றிப் பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள் இல்லையா, கண்ணாடியும் அதற்குள்தான் இருக்கிறது. மூன்று நாளாக அத்தை உலகத்தை மங்கலாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நர்ஸிடம் கேட்டு மாட்டிவிட்டேன். என்னை உற்றுப் பார்த்து, "ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சோடியம் 123. காலை 119.

வீட்டில் சமையல் என் கணவர். இடிசாம்பார் என்று ஒன்று வைத்திருந்தார், இடி மட்டும் இருந்தது.

இரவுப்பணி | வியாழன், காலை 5.05

நல்ல வேகம். கண்ணாடி, காது மெஷின், ஒரு கடிகாரம், தெரிந்த குரல். வயதானவர்கள் ஆஸ்பத்திரியில் குழம்பிப்போகாமல் இருக்க இவை பெரிய உதவி. "இன்றைக்கு வியாழக்கிழமை அத்தை, காலை மணி எட்டு" என்று நீங்களே பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டிருங்கள். பரீட்சை மாதிரி என்ன கிழமை என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், அவமானமாக இருக்கும்.

பரணிமேல்ஊறுகாய் (சென்னை) | வியாழன், காலை 11.30

உப்பு விஷயத்தில் நாம் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுகிறோம் என்று தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டில் நான்கு பேர், அப்படியானால் நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்துப் பார்த்தேன். 26 நாளில் காலி. இதில் அப்பளம், ஊறுகாய், கடை மிக்சர் சேரவில்லை. அதனால் குறைக்க வேண்டியவர்கள்தான் நம்மில் அதிகம். கரையோரவீடு செய்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன், மாத்திரை மாறியது தெரியாமல் போனதுதான்.

இன்னொன்று, குறைந்த சோடியம் உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. கேட்காமல் வாங்காதீர்கள்.

அண்டாகுண்டா | வியாழன், மதியம் 12.05

26 நாளா? எங்கள் வீட்டில் 18. இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது.

கரையோரவீடு | சனி, இரவு 9.15

நேற்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். 130. பாட்டில் முறை அபாரம். ஆஸ்பத்திரியில் துளசிக்கு எங்கே போவது, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அரளிக்கு ஊற்றுகிறோம். அத்தை நர்ஸிடம், "எனக்குக் கொடுக்காம அரளிக்குக் காப்பி கொடுக்கா" என்று புகார்.

இன்று சாயந்திரம் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். பைண்டுபுத்தகம் ஐயா சொன்ன இடம் வந்துவிட்டது. அவளுக்கு நான் முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன், அதனால் மூச்சு விடாமல் இரண்டு அத்தியாயம் தாண்டிப் போய் ஆரம்பித்தாள். அத்தை கண்ணை மூடித்தான் படுத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"பிள்ளையவர்கள் என்ன ஆனாங்க?"

மகள் என்னைப் பார்க்கிறாள். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறேன்.

"1876-ல போயிட்டாங்க, ஏட்டி. நீ தாண்டிட்டா திரும்பி வந்துருவாங்களா? பின்னால தள்ளு."

தள்ளினாள். கடைசி நேரத்தில் ஆசிரியர் திருவாசகம் வாசிக்கச் சொல்ல, உ.வே.சா. அடைக்கலப் பத்தை எடுத்து வாசிக்கிற இடம். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். மகளுக்குக் குரல் போய்விட்டது. நிறுத்திவிட்டாள். அத்தை கண்ணைத் திறக்காமலே அடைக்கலப் பத்தின் முதல் இரண்டு பாட்டையும் வரி பிசகாமல் சொன்னார்கள். எதிர்க் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த பெரியவர் மூன்றாவதைச் சேர்ந்து எடுத்தார். அவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. பிறகு அத்தை, "மணி என்ன? பாட்டில்ல இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை "முதல் பெல்" கேட்ட ஆள் இது. ஆறு நாள்தான் ஆகிறது.

பைண்டுபுத்தகம் | சனி, இரவு 9.50

தாண்டச் சொன்ன பாவம் என்னுடையது. அத்தையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மறைக்கலாமா கூடாதா என்று இங்கே ஒரு தனி இழை ஆரம்பித்து அடித்துக்கொள்ளலாம், எனக்கு இப்போது வாதாடத் தெம்பு இல்லை.

தூரத்துப்பிள்ளை | ஞாயிறு, காலை 8.20

மறைப்பது பெரியவர்களுக்காகவா நமக்காகவா என்பதே எனக்குச் சந்தேகம். டெங்குவில் தட்டணு எண்ணிக்கையை நான் அம்மாவிடம் கூட்டிச் சொன்னேன். அம்மா நர்ஸிடம் முதலிலேயே கேட்டு வைத்திருக்கிறார்கள். நான் பயப்படக் கூடாது என்று என்னிடம் நம்பியது மாதிரி நடித்திருக்கிறார்கள்.

கரையோரவீடு | வியாழன், மதியம் 3.30

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று காலை ரத்தம் கொடுத்தோம், 136. அந்த மாத்திரை நிறுத்தி வேறு கொடுத்திருக்கிறார்கள், இரண்டு வாரத்தில் மறுபடி பரிசோதனை. ஒன்றரை லிட்டர் வரை அனுமதி, உப்பு வழக்கமான அளவு, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஊறுகாய்ப் பரணி கீழே இறங்கிவிட்டது, ஆனால் சாவி என்னிடம்.

சொதி வைத்தேன். தனிச் செய்தியில் கேட்டவர்களுக்காக இங்கேயே எழுதுகிறேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போடுகிற விருந்துக் குழம்பு இது. ஒரு தேங்காயில் மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கொள்ளுங்கள். உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி, உரித்த சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் மூன்றாம் பாலில் வேக வேண்டும். பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்து விட்டு, பருப்பைச் சேர்த்து, இரண்டாம் பால் ஊற்றி ஒரு கொதி. முதல் பால் ஊற்றினால் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். கொஞ்சம் ஆறிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், அவசரப்பட்டு அடுப்பிலேயே பிழிந்து நான் ஒரு தடவை அனுபவித்திருக்கிறேன். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இந்தத் தடவை மூன்றாம் பாலை வற்றவிட்டுக் கெட்டியாக வைத்தேன், அத்தைக்கு அளந்து ஒன்றரைக் கரண்டி. பாட்டிலிலிருந்து அதே கரண்டியால் ஒன்றரை எடுத்து ஊற்றியது அத்தையேதான்.

ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு தூக்கலா இருக்கு" என்றார்கள். எங்கள் யாருக்கும் அப்படித் தெரியவில்லை. உப்பில்லாமல் ஒரு மாதம் சாப்பிட்ட நாக்கு என்று கணவர் சொல்கிறார்.

அண்டாகுண்டா | வியாழன், மாலை 4.10

அத்தை நீடூழி வாழ்க. பெரியப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

கரையோரவீடு | வெள்ளி, காலை 7.40

கடைசியாக ஓர் உதவி. நேற்று ராத்திரி மகள் இந்த இழை முழுவதையும் ஆச்சியிடம் கொடுத்துவிட்டாள். போனைக் கையில் வைத்து எழுத்தைப் பெரிதாக்கி, காலை ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். பேப்பர் இன்னும் பிரிக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் சிவப்பு மையில் பதினொரு பிழை எழுதித் தந்திருக்கிறார்கள், அதில் நான்கு அண்டாகுண்டாவுடையது. அண்டாகுண்டாவுக்குத் தனியாக அனுப்புகிறேன். என் கணக்கில் முதல் பதிவிலேயே "தேங்காய் பால்". ப் எங்கே என்கிறார்கள். அதைக்கூட விட்டுவிடுவார்களாம், தலைப்பில் "அத்தைக்கு சோடியம்" என்று எழுதியிருப்பதை விட முடியாதாம். நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும், இத்தனை பேர் வந்து போயும் ஒருத்தர் கண்ணில் படவில்லையா என்று கேட்கிறார்கள். சோடியம் வேற்றுமொழிச் சொல்தானே என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

நிர்வாகி யாராவது தலைப்பில் ஒரு ச் சேர்க்க முடியுமா?

நிர்வாகி | வெள்ளி, காலை 9.00

வணக்கம். பதில்கள் வந்துவிட்ட இழையின் தலைப்பை மாற்ற இந்தத் தளத்தில் வசதி இல்லை. மன்னிக்கவும்.

கரையோரவீடு | வெள்ளி, காலை 9.04

இதை அத்தையிடம் யார் போய்ச் சொல்வது?